கானுக்குள் ஆள் இறங்கினால் ஓடும் கார்

ஒத்தப்பாலத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா லியனார்டின் கார், ரோட்டில் நிற்கும் ஓர் ஆளாவது ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, தலைத்துணியை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால்தான் ஓடும். ஓர் ஆள் இறங்கினால் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். இரண்டு பேர் இறங்கினால் ஒரு கட்டை. பெற்றோலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எண்ணெய் மாற்றவும் வேண்டும். அவற்றோடு இதுவும் வேண்டும். ஹட்டன் எட்டுக் கட்டை தூரம் என்பதால், போய்த் திரும்பக் குறைந்தது முப்பத்திரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அது சாம்பல் நிறக் கார். தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை 1972இல் சீமைக்குத் திரும்பியபோது லியனார்டுக்கு விற்றுவிட்டுப் போனது. துரையின் வண்டிச் சத்தம் கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கி, தலையில் போட்ட கம்பளியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி கடந்து போகும்வரை குனிந்து நிற்பது, துரைமார் குதிரையில் வந்த காலத்திலிருந்தே தோட்டத்து வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடை பழகும் குழந்தையும் தாய் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிவிடும். இருபத்திரண்டு வருஷம் அந்த மரியாதையிலேயே ஓடிப் பழகிய காருக்கு, அது இல்லாமல் ஓட வரவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; பழக்கத்தை விட முடியாத மனிதர்களையும் பார்த்திருக்கிறோம்.

லியனார்ட் தொழிலாளர் வரிசை வீடான நாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். தகப்பனார் இராயப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஹட்டனில் ஒரு கத்தோலிக்கச் சாமியார் பிடித்துப் படிக்க வைத்ததால் மகன் கண்டாக்கு ஆனார், அதாவது துரைக்கு அடுத்த படியில் நின்று மலையில் வேலை வாங்குகிற ஐயா. லயத்துப் பிள்ளை ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் அவர் பெயர் கூப்பிடுவார். "இராயப்பன்" என்று வந்ததும், வரிசையிலிருந்து "ஐயா" என்று தகப்பனார் பதில் கொடுப்பார். மகனின் குரல் அந்தப் பெயரில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். பெரட்டுக்கு நின்ற இருநூறு பேரும் அந்த நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் இரண்டு மாதம் காரில் ஒரு குறையும் தெரியவில்லை. துரையின் கார்ச் சத்தம் பழகிய காதுகள், உள்ளே யார் என்று பாராமலே ஆட்களைக் கானுக்குள் இறக்கின. லியனார்ட் அதைத் தன் படிப்புக்கும் பதவிக்கும் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நினைப்புத்தானே, யார் தடுக்க முடியும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் கார் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டவுனில் யாருக்காக யார் கானுக்குள் இறங்குவது? மூட்டை தூக்கும் நாட்டாமைகள் நாலு பேர் கராஜ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். பியசேன பாஸ் என்ற மெக்கானிக் இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, "இஞ்சிம ஹொந்தாய் மாத்தயா" என்று திரும்பப் பூட்டிவிட்டார். இஞ்சினில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே என்று லியனார்ட் கேட்டதற்கு, பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தள்ள ஆள் பிடிப்பதைவிட ஒதுங்கி நிற்க ஓர் ஆள் பிடித்துப் பாருங்கள் என்றார். அவர் அந்தக் காரை வெகுகாலமாக அறிந்தவர்.

அன்றே லியனார்ட் அதை விற்றிருக்கலாம். பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். "ஐசே, உந்தக் காரை வித்துப்போடும். ஆக்கள் கானுக்குள்ள நிக்க நாங்கள் காருக்குள்ள இருக்கிறது வடிவில்லை" என்றார். லியனார்ட் காரின் நன்மைகளை எடுத்துச் சொன்னார். உண்மையிலேயே நன்மைகள் இருந்தன. ஆனி, ஆடி மழையில் பஸ்ஸுக்காக நனைந்து நிற்க வேண்டியதில்லை. ஞாயிறு பூசைக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். மற்றக் கார்கள் இரைந்து நின்றுவிடும் ஏற்றத்தில், மூன்று பேர் இறங்கி நின்றால் போதும், இது இறக்கத்தில் போகிற மாதிரிப் போகும். பிரசவ வலி கண்டவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாட்களும் உண்டு. தீமை என்று பார்த்தால் இடது பக்கக் கண்ணாடி முழுதாக மூடாது, பின்னால் புகை, பிறகு அந்த ஒரு விஷயம். அவர் சொல்லாமல் விட்ட நன்மை ஒன்றுதான்: அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவர் லயத்தில் பிறந்தவராகத் தெரியவில்லை. அதற்காகத்தான் அதை வைத்திருந்தார். இதைச் சொல்ல எழுதுகிறவருக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் கதை நகராது.

1973இலும் அடுத்த வருஷத்திலும் பஞ்சம் வந்தது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. வேலையும் வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்தது. ஆட்கள் கிழங்கும் கீரையும் தேடி ரோட்டோரமாக அலைந்தார்கள். ரோட்டில் ஆட்கள் நிறைய இருந்ததால் அந்த இரண்டு வருஷம் கார் ஓடியதைப் போல முன்னும் பின்னும் ஓடியதில்லை. எலும்பும் தோலுமான சனம் சத்தம் கேட்டதும் தள்ளாடி இறங்கியது. வேலாயி என்ற கொழுந்துக்காரி இறங்கினாள், ஏற முடியவில்லை. கானுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டதை லியனார்ட் கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தினால் திரும்பக் கிளப்ப இன்னோர் ஆள் இறங்க வேண்டுமே என்று கணக்குப் பார்த்து நிறுத்தாமல் போனார். பின்னால் வந்தவர்கள் அவளைத் தூக்கிவிட்டார்கள். அந்த மாதம் தோட்டத்தில் செத்த பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. அவளைக் கொன்றது பசி, கார் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். லியனார்டுக்கும் தெரியும். அது தெரிந்தும் பெரட்டில் வேலாயியின் பெயரை அவர் இரண்டு கிழமை தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.

1974 கடைசியில் நாவலப்பிட்டியில் பெண் பார்த்தார். இசபெல், ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரின் மகள். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கே என்று கேட்டார்கள். இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்துத் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார் என்று லியனார்ட் சொன்னார். அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்க்கொண்டிருந்ததால் யாரும் மேலே விசாரிக்கவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னது அப்பாதான் என்று பிற்பாடு லியனார்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பேச்சு நடந்ததை வேறு யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இராயப்பன் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டு, இரண்டு மலை தாண்டி அடுத்த தோட்டத்துப் பூசைக்குப் போனார். கண்டாக்கு ஐயாவின் சம்சாரம் லயத்துப் பக்கம் வருகிற வழக்கமில்லை. தோட்டம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. அன்பினால் என்றும் சொல்லலாம், நமக்கென்ன என்றும் சொல்லலாம்.

இசபெல்லுக்குக் காரின் விஷயம் முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவள் அதிகம் பேசாதவள், ஆனால் பார்க்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை என்று முதன்முதலாக நற்கருணை வாங்கப் போன ஒரு சிறுமியை, வெள்ளை உடுப்போடும் தலையில் பூமுடியோடும், தாய் கையைப் பிடித்து இழுத்து முழங்கால் சேற்றில் இறக்கினாள். கார் உற்சாகமாகப் பாய்ந்தது. இசபெல் கோயிலில் அன்று நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. ஏன் என்று லியனார்ட் கேட்கவில்லை; கேட்டால் பதில் வரும் என்று பயந்தார்.

1977இல் காலம் மாறியது. தொழிற்சங்கத்தில் சேர்ந்த இளவட்டங்கள் கானுக்குள் இறங்குவதை நிறுத்தினார்கள். சின்னத்தம்பி என்றொருவன் நடுரோட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். லியனார்ட் ஹோன் அடித்தார். "எங்கப்பன் எறங்குனாருங்க. எங்க பாட்டன் எறங்குனாருங்க. நான் எறங்கமாட்டேன். வேணும்னா நீங்க எறங்கிப் பாருங்க, வண்டி ஓடுதான்னு" என்று மரியாதை குறையாமலே சொல்லிவிட்டு, குடையை மடக்காமல் நடந்து போனான். கார் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. சிரித்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகு, வயசாளிகள் ரோட்டில் நடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் லியனார்ட் பயணம் வைத்தார்.

அந்த வருஷ மழையில் ஒரு சாயங்காலம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று டவுனுக்குப் போய்த் திரும்பும்போது, குவார்ட்டர்ஸுக்குக் கீழே கடைசி வளைவில் கார் நின்றுவிட்டது. முன்னால் செங்குத்தான ஏற்றம். இசபெல்லின் மடியில் குழந்தை அனலாகக் கொதித்தது. மூடாத கண்ணாடி வழியாகச் சாரல் அடித்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்போது நாலாம் நம்பர் லயத்துப் பக்கமிருந்து ஒரு கிழவர் ஓட்டமும் நடையுமாக வந்து, தண்ணீர் புரண்டோடிய கானுக்குள் இறங்கி, தலைக் கம்பளியை எடுத்து மார்போடு பிடித்து, மழையில் மொட்டைத் தலையோடு குனிந்து நின்றார். இஞ்சின் தானாகக் கிளம்பியது.

"யாருங்க அந்தப் பெரியவர்? பாவம், நனைஞ்சுபோயிட்டாரே" என்றாள் இசபெல்.

"லயத்து ஆளு" என்றார் லியனார்ட்.

மறுநாள் சாயங்காலமும் அந்த வளைவில் இராயப்பன் நின்றார். அதற்கு அடுத்த நாளும். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, பால் விடாத தேநீராக ஒரு கோப்பைச் சாயத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்பார். கார் ஏறிப் போனதும் லயத்துக்குத் திரும்புவார். நாலு வருஷமும் சில மாதமும் ஒருநாள் விடாமல் இது நடந்தது. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் அந்தக் காலத்தில் நடந்த பேச்சு, காலையில் ஒரு பெயரும் அதற்கு ஒரு "ஐயா"வும்தான். லியனார்ட் வளைவுக்கு வரும்போது நேராக ரோட்டைப் பார்ப்பார். ஆனாலும் அப்பா சவரம் செய்யாத நாள் எது, இருமல் வந்த வாரம் எது, இடது கண்ணில் பூ விழத் தொடங்கியது எந்த மாதம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ராத்திரிச் சாப்பாடு அவருக்கு அநேகமாக இறங்குவதில்லை. வெட்கம் என்பது பழகப் பழகக் குறையும் என்று நினைத்திருந்தார், அது குறையவில்லை.

இராயப்பன் எப்போதோ உண்மையாகவே இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். பதினான்கு வருஷம் கழித்து, 1982 மாசி மாதத்தில் பாஸ்போர்ட் வந்தது. மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் தகப்பன் தனியாகத்தான் போக வேண்டும். போகிற இடத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. கடைசிப் பெரட்டில் லியனார்ட் அந்தப் பெயரை நிறுத்தி, மெதுவாகக் கூப்பிட்டார். "ஐயா" என்று வந்தது. பயண நாளில், போகிற ஆறு குடும்பங்களையும் தோட்டத்து லொறி விடியற்காலையில் ஹட்டனுக்கு ஏற்றிப் போனது. இராயப்பன் மனைவி அந்தோனியம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போனவர் நேரம் தெரியாமல் அங்கேயே இருந்துவிட்டார். லொறி போய்விட்டது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டுக் கட்டையையும் நடக்கத் தொடங்கினார். சனங்கள் அழுகைக் கோச்சி என்று சொல்லும் அந்த ரயிலைத் தவறவிட்டால் கப்பலும் தவறிவிடும்.

லியனார்டும் இசபெல்லும் டவுனுக்குக் காரில் வந்தது அந்த நேரத்தில்தான். சத்தம் கேட்டதும் கிழவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கானுக்குள் காலை வைத்தார்.

"அந்தப் பெரியவருங்க. பயணம் போறார் போல. நிப்பாட்டுங்க, ஏத்திக்கிட்டுப் போவோம்" என்றாள் இசபெல்.

லியனார்ட் நிறுத்தினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது எங்கப்பா" என்றார்.

இசபெல் அவர் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா தலைமன்னார்ல கப்பலேறிட்டாருன்னுதானே சொன்னீங்க?"

"இன்னிக்குத்தான் ஏறப் போறார்."

இசபெல் இறங்கினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கானோரம் போய், "மாமா, வாங்க" என்று கிழவரின் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். அவரை முன்சீட்டில் உட்கார வைத்தாள். பெட்டியோடு தான் பின்னால் ஏறிக்கொண்டாள். இராயப்பன் சீட்டின் நுனியில், சாய்ந்தால் அழுக்காகிவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கார் கிளம்பவில்லை. ரோட்டில் ஒருவரும் இல்லை. வழக்கமாக நடக்கிறவர்களெல்லாம் ஸ்டேசனில் அழுதுகொண்டிருந்தார்கள். வழக்கப்படி கிழவரின் கை கதவைத் திறக்கப் போனது.

"நீங்க இருங்கப்பா" என்றார் லியனார்ட். அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லி ஏழு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அவர் இறங்கி முன்னால் நடந்து, தொப்பியைக் கழற்றி, சப்பாத்தோடு கானுக்குள் இறங்கிக் குனிந்து நின்றார். ஓட்ட ஆளில்லாத கார் மெதுவாகக் கிளம்பி அவரைக் கடந்து, வளைவை ஒழுங்காகத் திருப்பி, அரைக் கட்டை போய் நின்றது. ரோடு மலையைச் சுற்றிப் போகும். கொழுந்துக்காரர்களின் குறுக்குப் பாதை தேயிலை நடுவே நேராக இறங்கும். லியனார்ட் குறுக்கே ஓடி, அடுத்த வளைவில் காருக்கு முன்னால் போய்க் கானுக்குள் இறங்கினார். பிறகு அடுத்த வளைவு. மலையில் கொழுந்து பறித்தவர்கள் கை ஓய்ந்து பார்த்தார்கள். அழகம்மா என்ற மூத்த கொழுந்துக்காரி மனசு தாங்காமல், "நீங்க போங்கய்யா, நான் எறங்குறேன்" என்று ரோட்டுக்கு ஓடி வந்தாள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எட்டாம் தடவையில் ஒரு சப்பாத்து சேற்றோடு போனது. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், கடைக்காரர்களும் பூசைக்கு வருகிறவர்களும் பார்க்க, கறுப்புத் தண்ணீர் ஓடும் டவுன் கானுக்குள் இறங்கி நின்றது பதினாறாம் தடவை. கார் ஸ்டேசன் வாசலில் போய் நின்றது.

பிளாட்பாரத்தில் பெரிய அழுகையாக இருந்தது. பிரிகிறவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். இராயப்பன் அழவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகனின் முழங்கால்வரை ஏறியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு, நாள்கணக்காக யோசித்துக் கண்டுபிடித்ததைச் சொல்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்:

"காருக்குள்ள ஒக்காந்து பாத்தா, கான்ல நிக்கிறவன் மொகமே தெரியமாட்டேங்குது தம்பி. எனக்கு இது இன்னிக்குத்தான் தெரியும். நீ என்ன செய்வ பாவம், ஒனக்கு எப்படித் தெரியும்."

இசபெல் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சி அசைந்தது.

"ஆமாப்பா. தெரியாது" என்றார் லியனார்ட்.

கிழவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, சுகமாகச் சேர்ந்ததாக. பிறகு வரவில்லை.

அன்று திரும்பும்போது இசபெல் காரில் உட்கார்ந்திருந்தாள், லியனார்ட் முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காருக்குள் ஏறியதேயில்லை. காரையும் விற்கவில்லை. தோட்டத்தில் யாருக்கு நோய், யாருக்குப் பிரசவம், யாருக்குப் பயணம் என்றாலும் கார் போகும். ஐயா முன்னால் போய் வளைவுக்கு வளைவு கானுக்குள் இறங்கி நிற்பார். வேறு யாரையும் இறங்க விடமாட்டார். சின்னத்தம்பியின் மனைவியைக்கூட அப்படித்தான் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்து போனது, துரைமார் மூன்று பேர் மாறினார்கள், கார் வந்தால் முதலில் ஐயா வருவார் என்பது பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. ஒரு பழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது. போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறந்துவிட்டு, இறங்குகிறவர் கிழவியானாலும் நோயாளியானாலும், "உள்ள இருந்து பாக்கும்போது என் மொகம் தெரிஞ்சிச்சா?" என்று கேட்பார். கார் அப்படி ஓடிய ஏழு வருஷத்தில் நூறு பேரையாவது கேட்டிருப்பார்.

"நல்லாத் தெரிஞ்சுச்சுங்கய்யா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.